கழுத்துக்குக் கீழேயும் பாருங்கள், டாக்டர்

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவர்களுக்கும், அவசர சிகிச்சையிலும் பொது மருத்துவப் பிரிவிலும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்க நேரும் மருத்துவர்களுக்கும், இந்தப் பிரிவுகளை நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கும்:

போன மாதம் மாத்திரை வாங்கப் போனபோது மனநல ஓபி கதவில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. "சர்க்கரை, பிரஷர், வயிறு, பல் சம்பந்தமான தொந்தரவுகளை இங்கே கேட்க வேண்டாம். அந்தந்தப் பிரிவை அணுகவும்." கீழே ரப்பர் ஸ்டாம்பு. வரிசையில் நின்ற யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருடமாக வாயால் சொன்னதை இப்போது டைப் அடித்து ஒட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. பெயரைப் போட்டால் அங்கே இருக்கும் ஒரு டாக்டருக்கு மெமோ கொடுத்துவிட்டு, காரியம் முடிந்தது என்று இருந்துவிடுவீர்கள். வேறு ஊர்களில் வைத்தியம் பார்க்கும் குடும்பங்களோடு பேசிப் பார்த்துவிட்டேன். தாள் ஒட்டாத இடங்களிலும் நடப்பது இதுதான்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். 23 வயதில், மெஷின் சத்தத்துக்கு நடுவே யாரோ தன் பெயரைச் சொல்லித் திட்டுவதாகச் சொல்ல ஆரம்பித்தான். கோயில், மந்திரிப்பு, தாயத்து என்று எல்லாரும் சுற்றுகிற சுற்றை நாங்களும் சுற்றிவிட்டு மனநல ஓபிக்கு வந்தோம். ஒலான்சபின் கொடுத்தீர்கள். முதலில் தூக்கம் வந்தது. அப்புறம் தானாகக் குளிக்க ஆரம்பித்தான். ஒரு நாள் சாயங்காலம் தலை சீவிக்கொண்டு வந்து, "அக்கா, டீ போடவா?" என்று கேட்டான். அந்த மாத்திரைக்கு இன்றைக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாராவது வீட்டில் மாத்திரையை நிறுத்தினால் அது பெரிய அநியாயம். பின்லாந்தில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை 11 வருடம் பின்தொடர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வு, மருந்தே எடுக்காமல் இருந்தவர்கள்தான் அதிகம் இறந்ததாகச் சொல்கிறது. ஆகவே, "மாத்திரை வேண்டாம்" என்று வாதாடுகிற கட்சி நான் இல்லை. மாத்திரை எழுதுகிறவரே அது உடம்பில் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்கிற கட்சி.

ஏனென்றால் குரலை அடக்கிய அதே மாத்திரை பசியைக் கிளப்பிவிட்டது. அது எப்படிப்பட்ட பசி என்று கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்து போனால், விளக்குகூடப் போடாமல் பானைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான். தண்ணீர் ஊற்றி வைத்த சோறு. தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை, உப்புகூட இல்லை. கை கையாக அள்ளி வாயில் போடுவான். "போதும்டா" என்றால், "வயிறு நெறஞ்சிருச்சுக்கா, பசிதான் நிக்கல" என்பான்.

அம்மாவுக்குச் சந்தோஷம். எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளை தேறிவிட்டான் என்று. ஓபியில் அன்றைக்கு இருந்த டாக்டரும் அதையேதான் சொன்னார்: "ஆள் நல்லாத் தேறிட்டாரே!" எடை பார்க்கும் மெஷின் அந்த அறையின் மூலையில்தான் இருந்தது, மேலே பழைய கேஸ் ஷீட் கட்டுகளைச் சுமந்துகொண்டு.

தம்பியின் இடுப்பளவு மருத்துவமனை நோட்டில் ஒரு இடத்திலும் இல்லை. எங்கள் தெரு டெய்லர் நோட்டில் இருக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேண்ட் தைக்கக் கொடுத்தபோது அவர் குறித்து வைத்த எண்கள்: 32, 36, 39, 42. எங்களைப் போன்ற தெற்காசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 சென்டிமீட்டர் இடுப்பளவைத் தாண்டினாலே ஆபத்து என்று உலக அளவில் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். 90 சென்டிமீட்டர் என்பது முப்பத்தைந்தரை இஞ்ச். அதாவது இரண்டாவது பேண்ட்டிலேயே மணி அடித்துவிட்டது. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் டேப் இல்லை.

சர்க்கரை இருப்பது தெரிய வந்ததும் உங்களால் இல்லை. கோயில் திருவிழாவில் யாரோ போட்டிருந்த இலவச முகாமில், சுண்டல் வாங்கப் போனவன் வேடிக்கையாக விரலை நீட்டினான். மீட்டரில் 340. முகாமில் இருந்த பெண் பயந்துபோய் இரண்டாவது தடவையும் குத்திப் பார்த்தார். அப்போது அவனுக்கு 26 வயது. நாட்டில் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்காக எல்லாரையும் பரிசோதிக்கும் தேசியத் திட்டமே 30 வயதிலிருந்துதான் கணக்கெடுக்கிறது. இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த வயதுக் கணக்கு பொருந்தாது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

தெரியும் என்பதுதான் என் மனக்குறையே. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் சேர்ந்து உட்கார்ந்து, ஒலான்சபின், குளோசபின் மாதிரியான மருந்துகளைத் தொடங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று அட்டவணை போட்டது 2004-ல். தொடங்கும் முன்னால் எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு. முதல் மூன்று மாதம் மாதாமாதம் எடை. மூன்றாவது மாதம் மறுபடி சர்க்கரை. அப்புறம் வருடாவருடம். 2018-ல் உலக சுகாதார நிறுவனம் தீவிர மனநோய் உள்ளவர்களின் உடல்நலத்துக்கென்றே தனி வழிகாட்டி வெளியிட்டது. இங்கிலாந்தில் ஹெலன் லெஸ்டர் என்ற குடும்ப மருத்துவர் பெயரால் ஓர் அட்டவணை உண்டு. எந்த எண் எதைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நம் ஊர் ஓபி சுவரில் தாள் ஒட்டியே தீர வேண்டும் என்றால் அந்த மாதிரி ஒன்றை ஒட்டியிருக்கலாம்.

"நோயே சர்க்கரையைக் கொண்டுவரும்மா, எல்லாம் மாத்திரையால இல்ல" என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். உண்மைதான். ஹென்றி மாட்ஸ்லி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், இந்த மாத்திரைகள் எதுவும் பிறக்காத 19-ஆம் நூற்றாண்டிலேயே, பைத்தியம் இருக்கும் குடும்பங்களில் சர்க்கரை நோயும் அடிக்கடி தலைகாட்டுகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். சரி, அப்படியே இருக்கட்டும். நோயும் சர்க்கரையைக் கொண்டுவரும், மாத்திரையும் கொண்டுவரும் என்றால் இரண்டு மடங்கு அல்லவா பரிசோதிக்க வேண்டும்?

ஒலான்சபினுக்குக் குரல் முழுசாக அடங்கவில்லை. வேறு இரண்டு மருந்துகளையும் பார்த்துவிட்டுக் குளோசபினுக்கு மாற்றினீர்கள். இங்கேதான் நீங்கள் எவ்வளவு கறாராக இருக்க முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். முதல் 18 வாரம், வாரம் தவறாமல் ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணு எண்ணிக்கை இல்லாமல் போனால் மாத்திரை கிடையாது. ஒரு வாரம் லேப் மூடியிருந்ததற்கு, வெளியே பரிசோதித்து ரிப்போர்ட் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினீர்கள். நான் கோபப்படவில்லை. 1975-ல் பின்லாந்தில் இந்த மருந்தைச் சாப்பிட்ட சிலர் வெள்ளை அணு குறைந்து இறந்துபோனார்கள், அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு என்று நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னார். நியாயம். ஆனால் வாரா வாரம் அதே கையில், அதே நரம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்களே, இன்னொரு சின்னக் குழாயில் சர்க்கரைக்கும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். "அது எங்க ரெக்வெஸ்ட்ல இல்லம்மா. சுகர் ஓபி வியாழக்கிழமை."

வியாழக்கிழமை போனோம். சர்க்கரை டாக்டர் நோட்டைப் புரட்டி, குளோசபின் என்ற பெயரைப் பார்த்து, "இதனாலதான் சுகர் ஏறுது, மொதல்ல இத நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டார். எதனால் அந்த மாத்திரைக்குப் போனோம், நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நிறுத்தவில்லை. நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். ஒரு அறையில் நிறுத்து என்கிறீர்கள், பக்கத்து அறையில் நிறுத்தினால் தொலைந்தோம் என்கிறீர்கள். இரண்டு அறைக்கும் நடுவே இன்டர்காம் இருக்கிறது. நோயாளிதான் நோட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் அலைய வேண்டும், அதுவும் தன்னைப் பற்றி நாலு வார்த்தை கோவையாகச் சொல்ல முடியாத நோயாளி.

இப்போது வயிற்றுக்கு வருகிறேன்.

குளோசபின் குடலின் அசைவைக் குறைக்கும். கூடவே, கை நடுக்கத்துக்கென்று நீங்கள் எழுதும் ட்ரைஹெக்சிபெனிடில் அதை இன்னும் கட்டிவிடும். இதில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 ஜனவரியில் இதற்காகத் தன் எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கியது. வெள்ளை அணுவுக்காக வாரா வாரம் எங்களை வரவைத்த நீங்கள், "தினமும் வெளிக்குப் போகிறாரா?" என்ற ஒரு கேள்வியை ஒரு தடவையும் கேட்கவில்லை. அதற்கு லேப் வேண்டாம், குழாய் வேண்டாம், ரெக்வெஸ்ட் வேண்டாம்.

ஒரு ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். ஆட்டோவில் போட்டு காஷுவால்டிக்குக் கொண்டுபோனோம். டியூட்டியில் இருந்தவர் இளவயது டாக்டர்.

"என்ன பண்ணுது?"

"வயித்துக்குள்ள செங்கல் அடுக்குறாங்க சார்."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மனநல ஓபி நோட்டைக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்ததோடு சரி. அதற்கு அப்புறம் தம்பியிடம் அவர் பேசவே இல்லை, என்னிடம்தான் பேசினார். "எப்பலேர்ந்து இப்படிப் பேசறாரு? மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா? தூங்கறாரா?" சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை. வயிற்றில் கை வைத்து அமுக்கவில்லை. பிரஷர், நாடி எதுவும் பார்க்கவில்லை. தூங்குவதற்கு ஒரு ஊசி போட்டு, காலையில் மனநலப் பிரிவில் காட்டுங்கள் என்று சீட்டில் எழுதினார்.

காலையில் வாந்தி. முதலில் பச்சையாக, அப்புறம் அறையில் நிற்க முடியாத நாற்றத்தோடு. வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே வயசான ஒரு சர்ஜன் சட்டையைத் தூக்கி, விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "எத்தனை நாளாச்சுப்பா வெளிக்குப் போயி?" என்று தம்பியிடமே கேட்டார். தம்பி விரல் விட்டு எண்ணிப் பதில் சொன்னான். அவனுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. கேட்க ஆள் இல்லை. எக்ஸ்ரேயில் பெருங்குடல் முழுக்க மலம் இறுகிக் கிடந்தது. இன்னும் ஒரு பொழுது விட்டிருந்தால் குடல் கிழிந்திருக்கும் என்றார்.

செங்கல் அடுக்குகிறார்கள் என்று ஒரு கொத்தனார் வந்து சொல்லியிருந்தால், வயிறு கட்டிக்கொண்டது என்று சிரித்துக்கொண்டே புரிந்துகொண்டிருப்பீர்கள். மனநல நோட்டோடு வந்தவன் சொன்னதால் அது பிதற்றல் ஆகிவிட்டது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பலர் வலியை மற்றவர்கள் மாதிரி உணர்வதில்லை, உணர்ந்தாலும் வெளியே சொல்வதில்லை என்று ஆய்வுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒருவர் தானாக வாயைத் திறந்து வலிக்கிறது என்று சொன்னால், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாக அல்லவா கேட்க வேண்டும்? நடப்பது தலைகீழ்.

எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஓபி வராந்தாவில் பெஞ்சு இருக்கிறது, காலை ஆறு மணியிலிருந்து அதில் உட்கார்ந்திருக்கிறோம், பேச நேரம் நிறைய. ஒரு அம்மா. மகளுக்கு ரிஸ்பெரிடோன். மாதவிலக்கு நின்றுவிட்டது. கல்யாணமாகாத பெண். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசிவிட, மகளை அடித்து, யாருக்கும் தெரியாமல் பக்கத்து டவுனுக்குக் கூட்டிக்கொண்டுபோய் கர்ப்பப் பரிசோதனை செய்திருக்கிறார் அந்தத் தாய். இந்த மருந்து புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிட்டால் மாதவிலக்கு நிற்கும், மார்பில் பால்கூடக் கசியும் என்று முதல் நாளே ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பெண் அடி வாங்கியிருக்க மாட்டாள். பெண் நோயாளியைத் தனியாக உட்கார வைத்து ஒரு நர்ஸ் பேசுகிற வழக்கமே இல்லை. அப்பா, அண்ணன், பின்னால் நிற்கிற வரிசை எல்லாருக்கும் முன்னால் எந்தப் பெண் இதைச் சொல்வாள்?

ஒரு அப்பா இருக்கிறார். மாத்திரையை விழுங்கினால் மகனுக்கு ஒரு பீடி. அதுதான் அவர்களுக்குள் ஒப்பந்தம். பீடிப் புகை குளோசபினையும் ஒலான்சபினையும் கல்லீரல் சீக்கிரமாகக் கரைக்கும்படி செய்துவிடும், மாத்திரையின் வேகம் குறையும், திடீரென்று பீடியை நிறுத்தினால் அதே டோஸ் உடம்பில் அதிகமாகிவிடும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பீடியை விடச் சொல்வது நுரையீரல் டாக்டர் வேலை, டோஸைக் குறைப்பது உங்கள் வேலை என்று பிரித்துவைத்தால், விட்டதும் மயங்கி விழப்போவது அந்தப் பையன்தான்.

பல்லைப் பற்றி நிறைய எழுதவில்லை. மாத்திரையால் வாய் வறண்டு, முப்பது வயதில் கடைவாய்ப் பல் இல்லாமல் சோற்றை மென்று விழுங்க முடியாதவர்கள் அந்தப் பெஞ்சில் எத்தனை பேர் என்று நீங்களே எழுந்து வந்து பார்க்கலாம்.

"சோத்தக் குறைங்க, தினமும் வாக்கிங் போகச் சொல்லுங்க." எடை கூடிவிட்டது என்று சொன்னால் இதுதான் பதில். டாக்டர், கோபித்துக்கொள்ளாதீர்கள், இதைச் சொல்ல எம்.டி. படிக்க வேண்டியதில்லை. எழுந்து பல் தேய்க்கிற உந்துதலையே இந்த நோய் பிடுங்கிக்கொள்கிறது. அதன் மேல் மாத்திரையின் மந்தம். ராத்திரி இரண்டு மணிப் பசி. தெருவில் இறங்கினால் பையன்கள் கேலி. ரேஷன் அரிசியில் மூன்று வேளை நடக்கிற வீடு. இத்தனைக்கும் நடுவே வாக்கிங் என்ற ஒரு சொல்லை எறிந்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறீர்கள். எடை ஏற ஆரம்பித்த உடனே, சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் ஏற்றம் மட்டுப்படும் என்பதற்கு நல்ல ஆய்வுகள் வந்துவிட்டன. அந்த மாத்திரை நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. எடை குறைவாக ஏற்றும் வேறு மருந்துக்கு மாற்றிப் பார்க்கலாம். அதெல்லாம் செய்ய முடியாது என்றால் ஏன் என்று சொல்லுங்கள். எடை தாங்காமல் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு, மறுபடி சட்டையைக் கிழித்துக்கொண்டு தெருவில் நின்ற பையன்கள் உண்டு. அவர்களை "ஒத்துழைக்காத நோயாளி" என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறீர்கள்.

எங்கள் பெஞ்சில் எல்லாத் தாய்மாரும் சொல்லி அழுவது ஒன்றுதான்: "எனக்கப்புறம் இவன யார் பாப்பா?" உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னாலேயே இறந்துபோகிறார்கள் என்று. தற்கொலை ஒரு காரணம். பெரும்பாலானவர்கள் போவது மாரடைப்பு, சர்க்கரை, நுரையீரல் நோய், தொற்று என்று தடுக்கக்கூடிய உடல் நோய்களால். ஆகவே, அந்தத் தாய்மாரில் பலருக்கு அவர்களுடைய கேள்வியே தேவைப்படாமல் போய்விடலாம், பிள்ளை முந்திக்கொள்வான். இதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. சாவு வீட்டில் "மனநோயாளிதானே, போய்ச் சேர்ந்தது நல்லதுக்குத்தான்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாற்பது வயதில் மாரடைப்பில் இறந்த ஒருவருக்கு வேறு எந்த வீட்டிலாவது இப்படிச் சொல்வார்களா?

உங்கள் பக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு காலைப்பொழுதில் நூறு பேருக்கு மேல் பார்க்கிறீர்கள். ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த மூன்று நிமிடத்தில் குரல் கேட்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்பதற்கே சரியாகிவிடும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடை பார்க்க டாக்டர் எதற்கு? நாங்கள் வராந்தாவில் மணிக்கணக்காகச் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு நர்ஸ், ஒரு டேப், ஒரு பிரஷர் மெஷின், ஒரு எடை மெஷின் இருந்தால் உங்கள் அறைக்குள் நுழையும் முன்னாலேயே நாலு எண்களும் நோட்டில் ஏறியிருக்கும். பிரசவ ஓபியில் கர்ப்பிணிப் பெண்களுக்கு இதைத்தானே ஒவ்வொரு முறையும் செய்கிறார்கள்? அங்கே யாரும் எடை பார்ப்பது எங்கள் பிரிவு வேலை இல்லை என்று சொல்வதில்லை.

சட்டமும் எங்கள் பக்கம் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 21-ஆவது பிரிவு, மனநோய் உள்ளவரை எல்லா மருத்துவ வசதிகளிலும் உடல் நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. காஷுவால்டியில் வயிற்று வலியோடு வந்த வேறு யாரையாவது வயிற்றைத் தொடாமல் தூங்க வைத்து அனுப்பியிருப்பீர்களா? இல்லை என்றால், அன்றைக்கு என் தம்பிக்கு நடந்தது சட்ட மீறல்தான்.

ஆகவே கேட்கிறேன்.

மனநல ஓபிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறையும் எடையும் இடுப்பளவும் ரத்த அழுத்தமும் பார்த்து, மாத்திரை எழுதும் அதே நோட்டில் எழுதுங்கள். புது மருந்து தொடங்கும் முன்னாலும், மூன்றாவது மாதமும், அப்புறம் வருடத்துக்கு ஒரு முறையும் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனையை நீங்களே எழுதிக் கொடுங்கள். வேறு கிழமையில் வேறு ஓபிக்கு அனுப்பாமல், அன்றைக்கே அங்கேயே ரத்தம் எடுங்கள். குளோசபினுக்கு ரத்தம் எடுக்கும் இடத்தில் இது இன்றைக்கே முடியும்.

குளோசபின் சாப்பிடுகிறவரிடம் ஒவ்வொரு முறையும் வெளிக்குப் போவதைப் பற்றிக் கேளுங்கள். மலம் இளக்கும் மருந்தையும் அதே சீட்டில் எழுதுங்கள். எத்தனை நாள் போகாவிட்டால் உடனே ஓடிவர வேண்டும் என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பெண் நோயாளிகளிடம் மாதவிலக்கு பற்றிப் பெண் நர்ஸ் ஒருவர் தனியாகக் கேட்கட்டும்.

எடை ஏறினால், சர்க்கரை தெரிந்தால், அன்றைக்கே ஏதாவது ஒன்று செய்யுங்கள். எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு சும்மா இருப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம்.

பொது மருத்துவர்களுக்கு: எங்கள் மருந்து எதையும், மனநல டாக்டருக்கு ஒரு போன் போடாமல் நிறுத்தச் சொல்லாதீர்கள். மாதத்தில் ஒரு நாளாவது உங்களில் ஒருவர் மனநல ஓபியில் வந்து உட்கார முடியுமா என்று நிர்வாகம் பார்க்க வேண்டும். வீடு வீடாகப் போய் சர்க்கரை, பிரஷர் மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பட்டியலில், மனநல ஓபியில் பதிவு செய்துள்ள எல்லாரையும், வயது பார்க்காமல் சேர்க்க வேண்டும்.

காஷுவால்டி டாக்டர்களுக்கு: மனநல நோட்டோடு ஒருவர் வந்தால் நாடி, பிரஷர், காய்ச்சல், சர்க்கரை பார்த்து, உடம்பைத் தொட்டுப் பார்த்து, அதை எழுதிய பிறகுதான் தூக்க ஊசி. இதை எழுத்தில் உத்தரவாகப் போடுங்கள்.

கடைசியாக, நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு. ஓபி பதிவேட்டில் மாதக்கணக்காக வராதவர்கள் பெயருக்கு எதிரே "வரவில்லை" என்று மட்டும் இருக்கிறது. அதில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. எங்கள் பெஞ்சிலேயே வழக்கமாக உட்காரும் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள், ஒருவருக்குச் சர்க்கரைப் புண், இன்னொருவருக்குத் தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது. பதிவேட்டைப் பொறுத்தவரை இரண்டு பேருமே "வரவில்லை." அந்தப் பெயர்களைத் தேடிப் போகச் சொல்லுங்கள். இறந்திருந்தால் எந்த வயதில், எதனால் என்று எழுதுங்கள். பெயர் போடாமல், வருடா வருடம் மாவட்ட வாரியாக அந்தக் கணக்கை வெளியிடுங்கள்.

இவற்றில் எதை எந்த மாதத்துக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
மனநல ஓபி வரிசையில் நிற்கும் ஒரு அக்கா